நாலாவது விளக்கு

நாலாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடையில் யாரும் இல்லை.

அப்பாண்டைராஜ் நயினார் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியை, ஈர மல்லாட்டைக் கடலையைக் காய்ந்ததென்று விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல் முறைத்தார். துபாயில் விமானம் ஏறி, கோட்டக்குப்பத்து வியாபாரி ஒருவர் கைமாறி, திண்டிவனம் வந்து சேர்ந்த திருட்டு எச்சரிக்கைப் பெட்டி அது. விழுப்புரம் வரைக்கும் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்று காலையிலிருந்து நாற்பது முறை சொல்லியிருந்தார். கேட்டவர்கள் நான்கு பேர்.

முன்வாசல், பின்வாசல், ஜன்னலடி, கூடத்திலிருந்து சரக்கறைக்குப் போகும் நடை என்று நான்கு இடங்களில், நார்மிதியடிக்குக் கீழே ஒயர் வைத்த ரப்பர் விரிப்புப் போட்டிருந்தது. எதன்மேல் ஆள் நின்றாலும் பெட்டியில் அதற்குரிய சிவப்பு விளக்கு எரியும். ஒன்றும் இரண்டும் மூன்றும் சமர்த்தாக அணைந்து கிடந்தன. நடையின் விளக்கு மட்டும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, அசைய மறுத்தது.

நடையைப் பற்றித்தான் பேச்சே. சித்திரை முழுக்க அவர் மனைவி சந்திரவதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருட்டற நேரத்துல நடையில ஆள் நிக்குதுங்க. உங்க மாதிரியே, பனியன் போட்டுக்கினு. நீங்கதான்னு நெனச்சி ரெண்டு தபா பேசிட்டேன்."

"பதில் சொல்லிச்சா?"

"இல்ல. அதனாலதான் நீங்கன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "அங்க யாரும் இல்லன்னு நீங்க சொன்னா நம்பமாட்டேன். ஒரு மிஷினு சொல்லட்டும், வர்றேன்" என்பது வாசல்படியில் நின்று அவள் வைத்த கடைசி வார்த்தை.

அன்றிலிருந்து நயினாரே சமைத்தார். அவர் வடித்த சோற்றை வைத்துச் சுவர் எழுப்பலாம், இடியே விழுந்தாலும் பெயராது. ஆகவே மிஷினை வாங்கினார். எந்த விளக்கு எந்த இடத்துக்கு என்றுகூடக் கடிதத்தில் எழுதியிருந்தார். இன்று சாயங்கால பாசஞ்சரில் சந்திரவதி வருகிறாள். நாலாவது விளக்கு எரிவதைப் பார்த்தால், வந்த ரிக்ஷாவிலேயே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவாள். அடுத்த முறை எந்த மிஷினாலும் அவளை அழைத்துவர முடியாது.

பெட்டியோடு வந்த புத்தகம் ஆறு மொழிகளில் இருந்தது. ஆறில் எதையும் படிக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. படத்தைப் பார்த்தே பெட்டியை மாட்டிக் கொடுத்த ரேடியோ மெக்கானிக் சவுரிராயன், மதியம் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நாலாம் நம்பரு பேஜாரு பண்ணா, ஜீரோவும் நாலும் அமுக்குங்க நயினாரே. அந்த எடத்தைப் பொட்டி கணக்குலயே எடுத்துக்காது."

"அப்ப அங்க ஆள் நின்னா?"

"நிக்கட்டும். பொட்டியப் பொறுத்தவரைக்கும் அங்க ஆளே இல்ல."

அதை அமுக்க நயினாருக்கு மனம் வரவில்லை. அது தராசுத் தட்டில் விரலை வைப்பது மாதிரி. முப்பது வருஷம் மல்லாட்டை மண்டி நடத்தியவர், யாரை ஏமாற்றினாலும் பெண்டாட்டியைத் தராசில் ஏமாற்றமாட்டார்.

மிதியடியை உதறினார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார், பிறகு ஒரு குத்துக் குத்தினார். விளக்கு எரிந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, சாம்பலாகி ஒழிந்தபோதுதான் அவருக்கு வயிறு நினைவுக்கு வந்தது. போச்சு. சமண வீட்டில் பொழுது இறங்கினால் அடுப்பும் கிடையாது, சோறும் கிடையாது. ஒரு பல்பை அணைக்கப் போய் ராச்சாப்பாட்டைக் கோட்டைவிட்ட முதல் நயினார் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது எடைத்திருகு. எவ்வளவு கனம் ஏறினால் விளக்கு எரியவேண்டும் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். காலையில் சவுரிராயன் அவரையே விரிப்பின்மேல் நிற்கவைத்து, விளக்கு அணைகிறவரைக்கும் திருகிப் பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்திருந்தான். "இதான் நயினாரு எடை" என்று சொல்லிவிட்டுப் பிறகு கீழே இறக்கி வைத்திருந்தான்.

நயினார் திருகை ஏற்றினார். பூனையாக இருந்தால் இப்போது அணையவேண்டும். அணையவில்லை. திண்டிவனத்துப் பெருச்சாளி பூனையைத் தின்று வளர்கிறது, அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் ஏற்றினார். அணையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரு மூட்டை மல்லாட்டை. விளக்கு சிவப்பாக, நிதானமாக, கண் சிமிட்டாமல் எரிந்தது. வெளியே தெருவின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தது. சரக்கறையிலிருந்து சாக்கு வாசனையும் மல்லாட்டைத் தோலின் மண் வாசனையும் எப்போதும் வரும். இன்று அதற்குள் இன்னொன்று கலந்திருந்தது. அவர் சட்டையைக் கழற்றும்போது வருகிற அவருடைய வியர்வை வாசனை. அவர் சட்டையைக் கழற்றி வெகுநேரம் ஆகியிருந்தது.

திருகு பென்சில் கோட்டைத் தொட்டது.

விளக்கு அணைந்தது.

மயிரிழை இறக்கினார். எரிந்தது. மயிரிழை ஏற்றினார். அணைந்தது. ஆயுள் முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்த கண். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒரு நயினார்.

"சனியன், ஒயருதான் கெட்டுப்போச்சு," என்று உரக்கச் சொன்னார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை. திருகைப் பழையபடி இறக்கிவிட்டு, அந்த விரிப்பையே பிடுங்கி எறிவதென்று நடைக்குப் போனார்.

குனிந்து ரப்பர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். காலையில் சவுரிராயன் ஒரு விரலில் சுருட்டி எடுத்துவந்த விரிப்பு அது. வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பற்களைக் கடித்து இழுத்தார். யாரோ அதன்மேல் நின்று, அவர் இழுப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஆத்திரம் பயத்தை முந்திக்கொண்டது. "நானே நிக்கறேன், இன்னா பண்ணிடுவ," என்று மிதியடிமேல் ஏறி நின்றார்.

உள்ளங்காலில் சூடு. இரண்டு பாதம். யாரோ அதுவரை நின்ற சூடு.

வாசலில் ரிக்ஷா மணி கேட்டது. டிரங்குப் பெட்டியைத் திண்ணென்று இறக்கும் சத்தம். கதவு திறந்தது. சுவர்ப் பெட்டி கீச், கீச் என்று எண்ணத் தொடங்கியது. யார் வாசல் வழியாக வந்தாலும் அது அப்படித்தான் எண்ணும். அரை நிமிடத்துக்குள் ரகசிய எண்ணை அமுக்காவிட்டால் ஊரே எழுந்துகொள்ளும்படி அலறும். அந்த எண் அவர் ஒருவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

காலை எடுத்தார். கால் வரவில்லை.

கீச். கீச். கீச்.

நான்கு பொத்தான்கள் அமுங்கும் ஓசை. சத்தம் நின்றது.

நடையிலிருந்து கூடம் நேராகத் தெரிந்தது. பெட்டியின் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். வேட்டி. பனியன். முதுகு மட்டும். தன் பிடரியை யார் பார்த்திருக்கிறார்கள்? இருந்தாலும் தெரிந்தது.

"பரவால்லயே, கத்தவிடாம நிறுத்திட்டீங்க," என்றாள் சந்திரவதி. இத்தனை நாள் அவர் கேட்க ஏங்கிய, கோபமில்லாத குரல். "சாப்டீங்களா?"

"இல்ல. போடு."

பனியன் போட்டவரிடமிருந்து வந்தது அவர் குரல்.

அவள் புடவைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. "பொழுது போயிடிச்சேங்க."



அவள் பெட்டியைப் பார்த்தாள். "நாலாவது எரியுது. நடையில யாரு?"

நான்தான். நான்தான் சந்திரா. தொண்டையில் காற்றுகூட அசையவில்லை. அவள் நடைப்பக்கம் ஓரடி வைத்தாள். இன்னொரு அடி. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் சுருங்கின. ஏதோ தெரிவதுபோல. தெரிந்துவிடும்போல.

"அது பழுது," என்றது பனியன். "அங்க ஆளே இல்ல."

ஒரு பொத்தான். இன்னொரு பொத்தான்.

நாலாவது விளக்கு அணைந்தது.

சந்திரவதியின் கண்கள் அவரைக் கடந்து சரக்கறைக் கதவுக்குப் போயின. கதவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "சரி, மிஷினே சொல்லிடிச்சு," என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

மத்தியானம் மிஞ்சிய சோற்றைத் தட்டில் போடும் சத்தம். தண்ணீர்ச் சொம்பு.

பிறகு, விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டிராத சத்தம். நிதானமாக, யாரோ மென்று தின்னும் சத்தம்.