குறைந்துகொண்டே வந்த அத்தர்

"இது எந்த மனசுக்கு?" என்று கேட்டிருந்தாள் ஸுவைனா.

"நான் வீட்ல இல்லாத மனசுக்கு," என்றார் ஹுமைத்.

"அப்படின்னா தெனமும்தான் பூசிக்கணும். நீங்க எப்ப வீட்ல இருந்திருக்கீங்க?"

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய அந்த மனிதர் அதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தாராம். தன் கையாலேயே கலந்து கொண்டுவந்த அத்தர் குப்பியை அவளது பெட்டிக்குள் கடைசி வரிசையில் வைத்தாராம்.

எத்தனையோ வருடம் முன்பு நடந்த இந்தப் பேச்சை ஸுவைனா தன் பழைய சிநேகிதி ஷம்ஸாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஹுமைத் இறந்து நான்கு மாதமாகிறது. கணவனை இழந்தவள் காக்கும் துக்க காலமான இத்தா முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அதுவரை அவள் வாசனை பூசக் கூடாது, வீட்டை விட்டு வெளியே போகவும் கூடாது. அதனால்தான் ஷம்ஸாவை ஸீபில் உள்ள தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

ஷம்ஸா மஸ்கட் விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதிக்கும் காவல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததையெல்லாம் சேர்த்து அவளுடைய தங்கை ரய்யா பேசிவிடுவாள். இப்போதும் ரய்யாதான் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாக எடுத்து, எது எந்த மனசுக்கு என்று விசாரித்தாள். பெருநாள் காலைக்குப் பச்சை மலை ரோஜா. கல்யாண வீட்டுக்குக் கனத்த ஊது என்னும் அகில். மழை பெய்யும் அபூர்வ நாளுக்குக் குந்திரிக்கம். கோபம் வந்தால் சந்தனம். ஒரு சிறிய குப்பி, புகுந்த வீட்டார் விருந்துக்குக் கூப்பிடும் நாளில் தைரியம் வருவதற்கு.

"எனக்கு அதுல ஒரு குடம் வேணும்," என்றாள் ரய்யா.

ஸுவைனா சிரிக்கவில்லை. கடைசி வரிசைக் குப்பியை எடுத்துக் காட்டினாள். அதன் வயிற்றில் சிவப்பு நூல் ஒன்று சுற்றியிருந்தது. சந்தேகம் வந்ததும் அத்தர் நின்ற மட்டத்தில் அவளே கட்டியது. இப்போது அத்தர் நூலுக்கு ஒரு விரல் கீழே கிடந்தது.

திருடியது யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மருமகள் இப்திஸாம் காவா காப்பி கொண்டுவந்து நீட்டும்போது அவள் கைகளில் அந்த வாசனை அடித்திருக்கிறது. ஒரு நாள் அல்ல, பல நாள். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வாசனை. கேட்டதற்கு, "நான் பூசிக்கல அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாளாம்.

"இத்தா முடிஞ்சதும் அவள நிஸ்வாவுக்கு, அவ அப்பா வீட்டுக்கே அனுப்பிடப் போறேன். கூடவே இருந்து கை வைக்கிறவள வச்சுக்க முடியாது," என்றாள் ஸுவைனா. பிறகு குரல் இறங்கியது. "ஆனா தப்பா அனுப்பிட்டேன்னா, தாலிப் என்னை மன்னிக்க மாட்டான். இருக்கிறது ஒரே மகன். நீ பாத்துச் சொல்லு."

ஷம்ஸா குப்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கம் ஒரு துளி எண்ணெய்கூட வழிந்திருக்கவில்லை, யாரோ அக்கறையாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் வாயின் உள்விளிம்பில் மெல்லிய வெள்ளை இழை ஒன்று ஒட்டியிருந்தது.

"பஞ்சு," என்றாள் ரய்யா உடனே. "பஞ்சுல தொட்டு எடுத்திருக்கா."

"பஞ்சுக்கு முறுக்கு இருக்காதுடி," என்றாள் ஷம்ஸா.

பிற்பகலில் ஹுமைதின் தங்கை ஜோகா வந்தாள். தினமும் வருகிறவள்தான். இடையில் ஒரு வாரம் மட்டும் ஸூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். "நிஸ்வாக்காரி கை, ஹல்வா கிண்டிப் பழகின கை. ஒட்டினது விடுமா?" அண்ணன் நினைவாக அந்தக் குப்பியைத் தனக்குக் கொடுத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்பதையும் அவள் மறக்காமல் சொன்னாள்.

ரய்யா அக்காவின் இடுப்பில் இடித்தாள். பேராசைக்காரியின் வாயிலிருந்தே வாக்குமூலம் வந்துவிட்டது என்று அவளுக்கு எண்ணம். ஷம்ஸாவோ, ஜோகா ஊரில் இல்லாத வாரத்தில் அத்தர் குறைந்ததா என்று ஸுவைனாவிடம் கேட்டாள். நூல் கட்டியதே அந்த வாரத்தில்தான், அப்போதும் குறைந்தது என்று பதில் வந்தது.

ஷம்ஸா போக வேண்டும் என்றாள். ஸுவைனா தன் அறைக்குள் விலகிக்கொள்ள, இப்திஸாம் விருந்தாளிகளுக்குத் தூபக்கால் கொண்டுவந்தாள். அகில் புகை சுருண்டு எழுந்தது. அவளோ கையை முழுவதும் நீட்டி, முக்காட்டால் மூக்கை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ரய்யா தன் கூந்தலுக்குப் புகை காட்டி முடிப்பதற்குள் தூபக்காலைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

"பாத்தீங்களா, நம்ம முகத்தப் பாக்க முடியல அவளால," என்றாள் ஜோகா.

தூபம் வந்தபின் விருந்தாளி உட்காரக் கூடாது. சகோதரிகள் எழுந்தார்கள். ஆனால் ஷம்ஸா வாசலுக்குப் போகாமல் பின்கட்டு வழியாகப் போனாள். அங்கே கொடியில் தாலிபின் வெள்ளை அங்கிகள் மூன்று காய்ந்துகொண்டிருந்தன. ரய்யா நின்றுவிட்டாள். அந்த நாட்டு ஆண்களின் அங்கியில் கழுத்தோரம் தொங்கவேண்டிய குஞ்சம் மூன்றிலும் இல்லை. கத்தரித்த அடி நூல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"என்னக்கா, தாலிப் சவூதிக்காரனாயிட்டானா?"

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த இப்திஸாம் வேகமாக வந்து அங்கிகளை உருவினாள். கார் கதவில் மாட்டி அறுந்துவிட்டதாகச் சொன்னாள். மூன்றுமா என்று ஷம்ஸா கேட்கவில்லை. அவளுடைய வெளிறிய உதட்டைப் பார்த்து, எலுமிச்சம்பழம் முகர்ந்தால் குமட்டல் கொஞ்சம் குறையும் என்று மட்டும் மெல்லச் சொன்னாள். இப்திஸாம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அந்த மாலை, தெருமுனையில் தங்கள் காரிலேயே இருவரும் காத்திருந்தார்கள். தாலிப் வேலையிலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தினான். உடனே இறங்கவில்லை. தலை குனிந்து எதையோ முகத்தோடு அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அவன் கையில் கத்தரிக்கோல் மின்னியது.

"புரிஞ்சுபோச்சு," என்று ரய்யா கிசுகிசுத்தாள். "வேற யாரோ ஒருத்தி. அவளுக்குத்தான் இந்த அத்தர் போகுது. பாவம் அந்தப் பொண்ணு, எல்லாம் தெரிஞ்சும் வாயத் திறக்கல."

"தெரிஞ்சும் வாயத் திறக்கலங்கிறது சரி," என்றாள் ஷம்ஸா. "மீதியெல்லாம் உன் கற்பனை."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஸுவைனாவின் அறையில் ஷம்ஸா எல்லோரையும் கூட்டினாள். கட்டிலில் ஸுவைனா. சுவரோரம் ஜோகா. கதவருகே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தாலிபும் இப்திஸாமும்.

"முதல்ல ஜோகா," என்று ஷம்ஸா ஆரம்பித்தாள். ஜோகாவின் புருவம் உயர்ந்தது. "குப்பி மேல ஆசைப்பட்டவ குப்பியவே எடுத்திருப்பா. இங்க தினம் ஒரு துளியா எடுத்து, துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சிருக்காங்க. நீங்க ஸூர்ல இருந்தப்பவும் குறைஞ்சிருக்கு. அதனால நீங்க இல்ல."

ஜோகா மூச்சு விட்டாள்.

"அடுத்தது இப்திஸாம். அவ பூசிக்கலன்னு சொன்னது நிஜம். அவளால இப்ப எந்த வாசனையும் தாங்க முடியாது. தூபக்கால அவ பிடிச்சதப் பாத்தவங்களுக்குப் புரியும். காரணத்த அவளே சொல்லட்டும், அவசரமில்ல."

ஸுவைனா மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கணக்குப் போடத் தேவைப்படவில்லை. இப்திஸாம் தலையைக் குனிந்துகொண்டாள். தாலிப் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆனா அவ கையில வாசனை இருந்தது," என்றாள் ஸுவைனா.

"கையில மட்டும்தான். காதோரம் இல்ல, கழுத்துல இல்ல. பூசிக்கிறவ உள்ளங்கையோட நிறுத்துவாளா? அவ அந்தக் கையால துணி துவைச்சிருக்கா. யாரோட துணியோ, அதுலேர்ந்து ஒட்டின வாசனை." ஷம்ஸா சற்று நிறுத்தினாள். "நீ திருடியத் தேடினே ஸுவைனா. பெட்டி பொம்பளைங்களோடது, அதனால கையும் பொம்பளைங்களோடதுன்னு நெனச்சுட்டே. இந்த ஊர்ல ஆம்பளைங்க அத்தர எதுல தொட்டு வச்சுக்கிறாங்க?"

ஸுவைனாவின் கண்கள் தாமாகவே மகனின் கழுத்துக்குப் போயின. குஞ்சம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

குப்பியின் வாயில் ஒட்டியிருந்தது குஞ்சத்து நூலின் இழை என்று ஷம்ஸா விளக்கினாள். விடியற்காலையில் ஸுவைனா தொழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அவன் அறைக்குள் வருகிறான். அங்கியின் குஞ்சத்தை நேராகக் குப்பிக்குள் நனைக்கிறான், துடைத்து வைத்துவிட்டுப் போகிறான். மாலையில் வீட்டுக்குள் நுழையும் முன் அதைக் கத்தரித்துவிடுகிறான். வாசனையை விட்டு விலகியிருக்கவேண்டிய தாயிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று பார்த்திருக்கிறான். கழுத்தோரம் ஊறிய எண்ணெய் மட்டும் துணியில் தங்கி, துவைத்துப் புதுக் குஞ்சம் தைக்கிற மனைவியின் கையில் ஒட்டிக்கொண்டது. சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதற்காக அவள் திருட்டுப் பட்டத்தைச் சுமந்தாள்.

"நான் சொல்லியிருக்கணும்," என்றான் தாலிப் மனைவியிடம். "நிஸ்வா பேச்சு வர்ற வரைக்கும் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நேத்துதான் எனக்கே தெரியும்," என்றாள் இப்திஸாம். "கோச்சுக்கல."

காரிலிருந்து அவன் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து கட்டிலில் வைத்தான். உள்ளே வெள்ளைக் குஞ்சங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஜோகா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸுவைனா கையை நீட்டி, இத்தா நினைவு வந்து, பாதியில் நிறுத்தினாள். அந்த வாசனை தானாகவே வந்து அவளைத் தொட்டது.

"இங்க வாம்மா," என்று முதலில் மருமகளைத்தான் கூப்பிட்டாள். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். விட மனமில்லாதவள்போல அந்தக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு மகனைப் பார்த்தாள். ஹுமைதை அடக்கம் செய்த அன்று வந்தவர்களையெல்லாம் காய்ந்த கண்ணோடு வரவேற்று அனுப்பியவன். அன்றிரவு அவள் இனி இந்த வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்க வேண்டாம், தன்னால் தாங்க முடியாது என்று சொல்லியிருந்தாள். சொன்னதை அவன் மீறவே இல்லை.

"கேட்டிருந்தா குப்பியவே குடுத்திருப்பேனேடா. பெத்தவகிட்ட திருடுவாங்களா?"

"நான் கேக்க நெனச்சது குப்பி இல்லம்மா."

"வேற என்ன?"

தாலிப் தரையில் அவள் காலருகே உட்கார்ந்தான்.

"எங்கிட்ட அப்பாவப் பத்திப் பேசுங்கம்மா," என்றான்.