கரிக்கு அடியில் ஒரு முகம்

மலையேறி வந்த பேருந்து மதியம் என்னை இறக்கிவிட்டது. தேவாலயத்தைத் திறந்துவிட்ட தோமாயிஸ், மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துப்போன சுவரோவியங்களைக் காட்டிச் சிரித்தாள்.

"எங்க ஊர்ல நாங்கதான் நல்லா பாக்குறோம். புனிதருங்க எல்லாம் குருடு."

கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு புனிதருக்கும் கண் இல்லை. பார்வை மங்கினால் ஓவியத்தின் கண்ணைச் சுரண்டி, அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கண் கழுவுவது இந்தப் பக்கத்து வழக்கம். பழைய சுவரோவியங்களைச் சுத்தம் செய்யும் என் வேலையில் இது புதிதல்ல. ஆனால் ஒரு குழி மட்டும் இப்போதுதான் சுரண்டியதுபோல் வெள்ளையாக இருந்தது.

"நான்தான், பொண்ணே. திட்டாத. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. யானினா டவுன் டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. இங்க வந்து கரிக்குள்ள தடவிப் பாத்தேன். இந்த ஒருத்தர்கிட்டதான் ஒரு கண்ணு மிச்சம் இருந்துச்சு."

"பார்வை வந்துச்சா?"

"வந்துச்சு." சிரிப்பு நின்றது. "இவரு எந்தப் புனிதர்னு சொல்லு. விளக்கேத்தணும்."

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கரி கரைந்து, புளித்த எண்ணெய் வாடை எழுந்தது. மேசை விளிம்பு தெரிந்தது. அப்பம் தெரிந்தது. பிறகு, தட்டை நோக்கி நீண்ட ஒரு கை.

தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை.

முகம் பக்கவாட்டில் இருந்தது. அவனுக்கு மட்டும் ஒற்றைக் கண்தான் வரைவார்கள். கும்பிட வருபவர் பார்வை அவன் பார்வையைச் சந்திக்கக் கூடாது.

யூதாஸ். முத்தமிட்டுத் தன் குருவைக் காட்டிக்கொடுத்தவன்.

தோமாயிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அவள் குரல் தாழ்ந்தது.

"அதான் என் வீட்டுக்காரரு முத்தம் குடுக்குறாரு. முன்னாடி யாரையும் தொட்டுக்கூடப் பேச மாட்டாரு. மொதல்ல அவரு தம்பிக்குக் குடுத்தாரு. அப்புறம் எதிர்வீட்டு லாம்ப்ரோஸுக்கு. ரெண்டு பேரையும் புதைச்சாச்சு."

"உங்களுக்கு?"

"இன்னும் இல்ல. நான் ஆட்டுக்கொட்டாய்ல படுத்துக்குறேன்." என் கையைப் பிடித்தாள். "அந்தக் குழிய மூடிடு. குருடா இருந்தாலும் என் ஸ்தேர்யோஸ் எனக்கு வேணும்."

சுண்ணாம்பு குழைத்து மூடினேன்.

வாசலில் யாரோ தடுக்கி விழும் சத்தம்.

அவள் கணவர்தான். படியில் முழங்காலிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தோமாயிஸ், எங்கடி இருக்கே? ஒண்ணுமே தெரியல."

அவள் அழுதபடியே ஓடி அவரை அணைத்துக்கொண்டாள். "இங்கதான் இருக்கேன். இனிமே நான் பாத்துக்குறேன்."

அவர் விரல்கள் அவள் நெற்றியைத் தடவின. மூக்கைத் தடவின.

கன்னத்தில் நின்றன.

குனிந்து முத்தமிட்டார்.

அவள் கைகள் அவர் தோளிலிருந்து மெல்ல நழுவின. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"சுவரோரம் நிக்குற பொண்ணையும் கூப்பிடு," என்றார்.