ஹர்ஷா பூட்டினால் ஒழுகாது!

உலகத்தில் ஒழுகாத பொருள் இரண்டே இரண்டு.

ஒன்று, மே மாதத்துத் தெருக்குழாய்.

இரண்டு, ஹர்ஷா பிரித்துப் பூட்டிய இஞ்சின்!

இதை ஹர்ஷாவே சொல்வான். சிரிக்காமல் சொல்வான்.

1994-ல் கோவையில் ரேஸ் பைக் வைத்திருந்தவர்கள் அவனுடைய துடியலூர் பட்டறை வாசலில் காத்துக் கிடந்தார்கள். உக்கடத்தில் இன்னொரு மெக்கானிக் இருந்தார். பாலுசாமி. அவர் பூட்டிய வண்டி ஒழுகினால் உடனே கை கூப்புவார்.

"தப்பு எம்மேலதானுங்க!"

அதை நடித்துக் காட்டுவது ஹர்ஷாவுக்குப் பொழுதுபோக்கு.

"தப்பை ஒத்துக்கறவனெல்லாம் மெக்கானிக்கா? ஸ்பேனரை வெச்சுப்போட்டு சாமியாராப் போகச் சொல்லுங்க!"

அன்று காலையும் நடித்துக்கொண்டிருந்தான்.

போன் அலறியது!

"ஹர்ஷாவா? இன்ஸ்பெக்டர் குமாரசாமி பேசறேன். கதிரேசன்னு ஒருத்தர் உன்ற வண்டிய ஓட்டறாரா?"

"ஆமாங்க சார். எங்க ரைடர். என்ற சிநேகிதன். ஏனுங்க?"

"இனி ஓட்ட மாட்டாரு."

ரிசீவர் கையிலிருந்து நழுவி, வயரில் தொங்கி ஆடியது...

கதிரேசனின் காரியம் முடிந்த வாரம், பைக்கோடு பட்டறைக்கு வந்தார் குமாரசாமி.

"பின் டயர் பூரா ஆயில். வளைவுல வழுக்கிருச்சு. புதுசாப் பூட்டுன இஞ்சின். பூட்டுனவன் நீ. அஜாக்கிரதையால மரணம்... உள்ள போவே."

"நான் பூட்டுனா ஒழுகாதுங்க!"

"அப்ப டயர்ல இருந்தது என்ன, வெளக்கெண்ணெயா?"

ஹர்ஷா இஞ்சினைப் பெட்ரோலால் துடைத்தான். காய்ந்ததும் முகப்பவுடர் டப்பாவை எடுத்து அதன் மேல் தூவினான்.

"ஏய்யா, இதுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஆயில் சொட்டற எடம் ஒண்ணு, பொறப்படற எடம் ஒண்ணுங்க சார். பவுடர் மொதல்ல எங்க நனையுதோ, அங்கதான் திருடன்."

உதைத்தான். இஞ்சின் உறுமியது.

செயின் பக்கம் முதல் ஈரம்.

பிறகு ஹெட்டில்.

பிறகு மூடியில்... எல்லா இணைப்பிலும்!

ஹர்ஷா இஞ்சினை அணைத்தான்.

"ஆயிலைத் தடுக்கற ஒரு சீல் தப்பா இருந்தா ஒரு எடந்தானுங்க ஒழுகோணும். எல்லா எடமும் ஒழுகுதுன்னா உள்ள மூச்சு முட்டுது!"

"இஞ்சினுக்கு மூச்சா?"

"உள்ள சேர்ற காத்து வெளிய போறதுக்கு ஒரு ரப்பர் குழாய் உண்டுங்க. அது அடைச்சா, காத்து ஆயிலையும் தள்ளிக்கிட்டுக் கெடச்ச சந்துல வெளிய வரும்."

சீட்டுக்கு அடியில் கையை விட்டான். குழாய் அடைத்திருந்தது!

"எவனோ அடைச்சிருக்கான் சார்! கொலைங்க! என்மேல தப்பில்லைங்க!"

சொன்ன வேகத்தில் குரலில் சந்தோஷம் தெறித்தது. உடனே வெட்கப்பட்டான்.

வளைத்த கம்பியால் இழுத்தான்.

வந்தது... ஒரு மஞ்சள் துணி.

முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு ரூபாய்.

"ஏனுங்க தம்பி..."

வாசலில் பொற்கொடி. கதிரேசனின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"வண்டியில ஒரு காணிக்கை முடிச்சு இருந்துச்சுங்களா? அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு மாசாணியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டது. மொதல்ல ஹேண்டில்லதான் கட்டுனேன். 'ரேஸ் வண்டிக்கு மஞ்சத்துணியா'ன்னு நீங்க சிரிச்சுக்கிட்டே அத்து எறிஞ்சுபோட்டீங்க. அதான் இந்தவாட்டி உங்க கண்ணுல படாம, சீட்டுக்கடியில சும்மா தொங்குன குழாய்க்குள்ள செருகி வெச்சேன். சாமி காசுங்க... கோயில்ல சேத்துப்போடோணும்."

குமாரசாமி வாயைத் திறந்தார். ஹர்ஷா முந்திக்கொண்டான்.

"ரோட்டுல கெடந்துச்சுங்கக்கா. வண்டி போனப்பவே கழண்டு விழுந்திருக்கும். இந்தாங்க."

வாங்கிக்கொண்டாள். ஆயில் பிசுக்கை முந்தானையில் துடைத்தாள்.

"அப்பறம் எப்படிங்க தம்பி ஒழுகுச்சு? யார் தப்புங்க?"



ஹர்ஷா மெல்லக் கை கூப்பினான். இந்த முறை நடிக்கவில்லை.

"தப்பு எம்மேலதானுங்க. சீலைச் சரியாப் போடலீங்க."

அவள் திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

"உங்களை நம்பித்தானுங்க அவரை அனுப்புனேன்..."

போய்விட்டாள்.

குமாரசாமி தொப்பியைக் கழற்றினார்.

"ஏய்யா, போலீஸ்காரன் முன்னாடியே பொய் சொல்றியே!"

ஹர்ஷா பவுடர் டப்பாவை மூடினான். பார்வை வெறும் ஹேண்டிலில் நின்றது.

"பாதிதானுங்க சார் பொய். மீதிப் பாதிக்குத்தான் உங்க சட்டத்துல செக்‌ஷனே இல்லைங்களே!"