நாலு நிமிஷத்துப் படம்

மகாலட்சுமி வெறுங்கழுத்தாக நின்றிருந்தாள்.

1934. நவராத்திரி மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டு மணி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. கொலுவில் வைத்த அந்தப் பொம்மைக்குப் போட்டிருந்த வைர அட்டிகை காணாமற்போனதை முதலில் கண்டவள் வக்கீல் அனந்தராமனின் மனைவி சூடாமணி. பொம்மையின் காலடியில் உட்கார்ந்து அதன் பாவாடைக் கரையைத் தைத்துக்கொண்டிருந்தாள் ஜரிகைக்காரி ஜமீலுன்னிசா. அந்த வீட்டாருக்கு இதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

மாலை நாலு மணி. சப்-இன்ஸ்பெக்டர் ஹபீபுர் ரஹ்மான் மாடியேறி வந்தார்.

"ஸ்டேஷனுக்கு இழுத்துண்டு போங்கோ. அங்கே தானா கக்குவா," என்றார் வக்கீல்.

ரஹ்மானுக்கு வக்கீல்களையே பிடிக்காது. கோர்ட்டில் நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்கிற வாய், சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்டிருக்காது. அவர் ஜமீலுன்னிசாவின் பக்கம் திரும்பினார்.

"நீ வந்தப்ப நகை இருந்துச்சா?"

"இல்லீங்க. தைக்கத் தோதா கயட்டி வச்சிக்கீறாங்கன்னு நெனச்சேன். என்னைய ஸ்டேஷன் படி ஏத்திட்டீங்கன்னா அப்பால ஒரு வூட்லயும் துணி தரமாட்டாங்க. எம் புள்ளைங்க இன்னா துன்னும்?"

"பொய். அவ வர்றதுக்கு முன்னாடி நகை இருந்ததுக்கு என்கிட்டே போட்டோவே இருக்கு," என்றார் வக்கீல்.

வக்கீலுக்குப் போட்டோப் பித்துப் பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குரு, அவர் மச்சினன் ஸ்ரீரங்கன். கற்றது கையளவுகூட இல்லாத குரு. காலையில் பதினொரு மணிக்கு இருவரும் கொலுவைப் படம் பிடித்திருந்தார்கள். மாடியில் வெளிச்சம் குறைவு. எல்லாப் படிகளும் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும். அப்போது வெளிச்சம் இன்னும் குறையும். அதை ஈடுகட்ட, லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது குருவின் உபதேசம்.

"அந்த நாலு நிமிஷமும் நீங்க எங்கே இருந்தீங்க?"

"மாடிப்படியில. பலகைத் தளம், நான் நடந்தா கேமரா ஆடும்னு இவன் அனுப்பிட்டான்."

"நீங்க?"

"கேமராகிட்டயே நின்னுண்டு கடிகாரம் பாத்தேன்," என்றான் ஸ்ரீரங்கன். "மூடியைப் போட்டதும் அத்திம்பேரைக் கூப்பிட்டேன். படத்தைக் கழுவ நேரே இருட்டறைக்குப் போயிட்டோம். அப்பறம் மாடிக்கு வந்தவ இவ ஒருத்திதான்."

வீட்டைச் சோதனை போட்ட கான்ஸ்டபிள் வந்து நின்றார். "எங்கயும் இல்லீங்க. இருட்டறையில படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட் வச்ச பெட்டி ஒண்ணு மட்டும் திறக்கலை. வெளிச்சம் பட்டா உள்ள இருக்கிறதெல்லாம் பாழாயிடும்னு இவர்தான் சொன்னார்," என்று ஸ்ரீரங்கனைக் காட்டினார்.

ரஹ்மான் படத்தை வாங்கிப் பார்த்தார். செட்டியார் பொம்மையின் தொந்தி முதல் மகாலட்சுமியின் மூக்குத்தி வரை எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அட்டிகை மட்டும் புகைபோல இருந்தது.

"இது ஏன் மங்கலா இருக்கு?"

வக்கீல் நெளிந்தார். "வெளிச்சம் பத்தலையாம். நான் இப்பத்தானே பழகறேன். போகப்போக சரியாயிடும்னு ஸ்ரீரங்கன் சொன்னான்."

ரஹ்மான் சிரித்தார். அவரும் போட்டோ பழகியவர்தான். அடையாற்றங்கரையில் அவர் பாழாக்கிய பிளேட்டுகளுக்குக் கணக்கில்லை. கரியாக வந்ததுண்டு, சுண்ணாம்பாக வந்ததுண்டு. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நகையை மட்டும் மங்கவைத்த பிளேட்டை அவர் கண்டதில்லை.

"வெளிச்சம் பத்தலைன்னா படம் முழுக்க மங்கும், வக்கீல் ஸார். பிளேட்டுக்கு நகைமேல தனியா பகை கிடையாது. அட்டிகைப் பதக்கத்தை உத்துப் பாருங்க. அதுக்குள்ளே என்ன தெரியுது?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். பதக்கத்தின் ஊடே ஜரிகைத் தாமரை ஒன்று இதழ் இதழாகத் தெரிந்தது.

"பொம்மை ரவிக்கையில அந்தம்மா முன்னமே தச்சிருக்கிற தாமரை. பதக்கம் கடைசிவரைக்கும் இருந்திருந்தா அது மறைஞ்சே போயிருக்கும். பாதி நேரம் நகை, பாதி நேரம் வெறும் தாமரை. பிளேட் ரெண்டையும் எழுதி வச்சிருக்கு. மூடி திறந்திருக்கும்போதே நகை போயிடுச்சு. அப்ப இங்கே இருந்தவர் உங்க குரு மட்டும்தான். குறுக்கே போறவன் நாலு நிமிஷப் படத்தில விழமாட்டான்னு இவருக்குத் தெரியும். அசையாம இருந்த நகை பாதியில போனா அதுக்குத் தடம் விழும்னு தெரியலை. அரைகுறை."

ரஹ்மான் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சன்னல் வெயிலில் வைத்தார்.

"திறக்காதேள், பிளேட்டெல்லாம் போயிடும்," என்றான் ஸ்ரீரங்கன்.

"போகட்டும்."

கறுப்புக் காகிதத்துக்குள் அட்டிகை சுருண்டு கிடந்தது. கிண்டி ரேஸ் குதிரைகள்மேல் ஸ்ரீரங்கனுக்கு இருந்த பக்தி மாட வீதிக்கே தெரியும். அத்திம்பேருக்கு மட்டும் இப்போதுதான் தெரிந்தது.

வக்கீலின் குரல் இறங்கிவிட்டது. "இது ஆத்து விஷயம். ஸ்டேஷன்வரைக்கும் எதுக்கு?"

"இந்தம்மாவுக்கு மட்டும்னு சர்க்கார் ஸ்டேஷன் கட்டலை," என்றார் ரஹ்மான். வக்கீலின் முகத்தை இன்னொருமுறை பார்க்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கனை முன்வாசல் வழியாக, வீதி பார்க்க அழைத்துப்போகும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

ஜமீலுன்னிசா ஊசியைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தாள். சூடாமணி பொம்மையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "கரை பாதியில நிக்கறதே..."

"ஆமா, பாதி கீது," என்றாள் ஜமீலுன்னிசா. "மீதிய வேற ஆள வச்சித் தச்சிக்கோங்க."