பேனல் நிழலில் அருகம்புல்

மந்தைவெளியில் மணிமொழி படிக்கும் பள்ளிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அவள் அம்மா தேவானை அங்கேதான் அருகம்புல் பறிப்பார். மாலை கட்டிப் பிள்ளையார் கோயில் வாசலில் விற்பார்.

தை மாதம் அந்தப் புல்வெளியில் இரும்புக் கால்களை நட்டு, வரிசையாக சோலார் பேனல்களை மாட்டினார்கள்.

"போச்சு! வெயிலே படாம புல்லு எப்டி வளரும்?" என்று தேவானை தலையில் கை வைத்தார். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பங்குனி வந்தது. எங்கே தேடினாலும் புல் கருகிக் கிடந்தது. மறுநாள் சங்கடஹர சதுர்த்தி.

"நாளைக்கு இன்னாத்த வெச்சு மாலை கட்றது?" அம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்தார். மணிமொழிக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பள்ளி விட்டதும் பின்பக்கம் போய், பேனல்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

பச்சைப் பசேலென்று அருகம்புல்! மண்ணைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

"பாப்பா, தள்ளு! களைக்கொல்லி அடிக்கணும்." மருந்து கேனோடு நின்றார் கனகராஜ். பேனல்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"ஐயோ, ஏண்ணா?"

"புல்லு மண்டிக்கினு கீது. பாம்பு வந்தா நீயா புடிப்ப?"

"இங்க கை வெச்சுப் பாருங்க. அப்புறம் வெளிய வைங்க."

வெளியே கை வைத்த கனகராஜ் துள்ளினார். "யப்பா, தோசைக்கல்லு!"

"உங்க பேனல் இதுக்குக் குடை புடிச்சிருக்கு. நீங்க பேனல் கழுவுற தண்ணியும் இங்கதான் சொட்டுது. வளர்த்ததே நீங்கதாண்ணா!"

"நானா? எனக்கே தெரியாதே!"

"புல்லு செத்தா மண்ணு பறக்கும். பேனல் மேல படியும். தெனம் யாரு துடைக்கிறது?"

கனகராஜ் பேனல் துடைக்க ஏறும் ஏணியைப் பார்த்தார். கேனைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா வாராவாரம் அறுத்துடுவாங்க. தரை சுத்தமா இருக்கும்" என்றாள் மணிமொழி.

"சரி, நாளைக்குக் காலைலயே வரச் சொல்லு."

விடிந்ததும் தேவானையின் கூடை நிறைந்தது. கோயில் வாசலில் மாலைகள் மளமளவென்று விற்றன. இரண்டை மட்டும் அவர் விற்கவில்லை. மகளோடு பள்ளிக்கு வந்து, ஒன்றைப் பேனலில் கட்டப் போனார்.

"அக்கா, மேல கட்டாதீங்க! நிழல் விழுந்தா கரண்ட் வராது!" என்று கனகராஜ் பதறினார்.

தேவானை சிரித்துக்கொண்டே இரும்புக் காலில் கட்டி, பேனலைப் பார்த்துக் கும்பிட்டார். "வெயில்ல நீ நின்னுக்கினு எங்க புல்லுக்கு நிழல் குடுத்தியே. ரொம்ப நன்றிப்பா!"

இன்னொரு மாலையை மணிமொழி கனகராஜின் கழுத்தில் போட்டாள்.

அன்று முழுக்க அதைக் கழற்றாமலேயே அவர் பேனல் கழுவினார்.