நாற்பத்தோரு விநாடி

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து அவள் ஃபைலைத் திறந்தபோது அது மூன்று விநாடி கூடியிருந்தது.

வேறு யாராயிருந்தாலும் கவனித்திருக்கப் போவதில்லை. மூன்று விநாடி என்பது ஒரு கொட்டாவி விடுகிற நேரம். ஆனால் அவள் ஒலி எடிட்டிங் மேசையில் பதினான்கு வருடம் தேய்ந்தவள். அதிலும் இந்த ஃபைலின் நீளம் அவளுக்குச் சொந்தப் பிள்ளையின் பிறந்த தேதி மாதிரி. மாதிரி என்ன மாதிரி, உள்ளே இருந்தது அவள் பிள்ளையின் குரல்தான். ஐந்து மாதமாக அது நாற்பத்தோரு விநாடி. இப்போது திரையில் நாற்பத்து நான்கு என்று நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்து நான்கேதான். அந்த ஃபோல்டரைத் திறக்க அவளைத் தவிர யாருக்கும் வழியில்லை. அவளோ சாப்பிடப் போகும் முன் அதைத் தொடக்கூட இல்லை, தொட மனம் வரவில்லை. ஏனென்றால் இன்று நாலரை மணிக்குள் அவள் அதை அழித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அந்த ஸ்டுடியோவில் ஒரு கார்ட்டூன் தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. கையில் விளக்கோடு காட்டுக்குள் போகிற சிறுமி, பேசும் ஆந்தை, குழந்தைகளின் குரலைப் பிடித்து விழுங்குகிற ஒரு பொந்து மரம். ஒன்பதாவது பகுதியில் அந்தச் சிறுமி மரப்பொந்துக்குள் ஒதுங்குவாள், பட்டை மெல்ல மூடிக்கொள்ளும், விளக்கு அணையும், அவள் உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் இது தேவையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டைரக்டர் அசைந்து கொடுக்கவில்லை. "நாம சின்ன வயசுல பார்த்ததுல எது இன்னும் ஞாபகம் இருக்கு? பயந்தது மட்டும்தான்" என்றார்.

கார்ட்டூனுக்குக் குரல்தான் முதலில் வேண்டும். குரலைக் கேட்டுத்தான் வாயை வரைவார்கள். அதற்காக வீட்டு ஆட்கள் யாரையாவது பேசவைத்து ஒரு மாதிரிக் குரல் எடுத்துக்கொள்வார்கள். பிறகு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வந்து அதே அளவுக்குப் பேசித் தந்ததும், மாதிரிக் குரலை அடியோடு அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவதொரு அவசரத்தில் பழையது கலந்து ஒளிபரப்பாகிவிடும். இது ஸ்டுடியோ விதி. இன்னொரு விதியும் உண்டு. பதிவறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாராயிருந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. முதலாளியே வந்தாலும் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

சிறுமிக்கு மாதிரிக் குரலாக அவள் தன் மகளைத்தான் அழைத்துவந்தாள். ஆறு வயது. வாய் ஓயாது என்பதால் வீட்டில் சில்வண்டு என்றுதான் பெயர். ஒத்திகையில் சில்வண்டு அழுவது போல நடித்தாள். நடிப்பு நடிப்பாகத்தான் இருந்தது, பாதியில் சிரித்துவேறு வைத்தாள். நான்கு தடவை எடுத்தும் தேறவில்லை. ஐந்தாவது தடவை அம்மாக்காரி சொல்லாமல் கொள்ளாமல் பதிவறை விளக்கை அணைத்துவிட்டாள். அதன் ஸ்விட்ச் வெளியே இருந்தது.

அந்த நாற்பத்தோரு விநாடி அவளுக்கு மனப்பாடம். முதலில் ஒரு சிரிப்பு. "அம்மா, லைட் போயிடுச்சு." கொஞ்சம் மூச்சு. "அம்மா?" பிறகு கைப்பிடியைப் போட்டு ஆட்டுகிற சத்தம். அந்தக் கதவின் கைப்பிடி பெரியவர்களுக்கே கனம், ஆறு வயதுக் கைக்கு எங்கே அசையும். இரண்டு விரல் முட்டியால் டொக் டொக். "அம்மா, போதும்மா. கதவத் திற." அழுகை. உள்ளே இருந்த சிறு ஸ்பீக்கர் வழியாக அவளுடைய சொந்தக் குரல்: "நல்லா வருதுடா செல்லம். இன்னும் கொஞ்சம்." பெரிய அழுகை. கடைசியில் கைப்பிடி திரும்பும் 'கடக்', அவள் ஓடிவந்து, "ஆச்சு ஆச்சு, முடிஞ்சுபோச்சு" என்று அள்ளிக்கொள்வது.

'போதும்மா'வுக்கும் 'கடக்'குக்கும் நடுவே பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியும் அவள் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலை உயர்த்தி, 'ஒரு நிமிஷம்' என்று காட்டிக்கொண்டிருந்தாள். இருட்டுக்குள் இருந்த பிள்ளைக்கு அந்த விரல் நன்றாகவே தெரிந்திருக்கும்.

டைரக்டர் கேட்டுவிட்டுக் கைதட்டினார். சில்வண்டுக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் கிடைத்தது. மூன்றே வாரத்தில் மூளைக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தனி அறை, தடித்த கண்ணாடி, உள்ளே விட மாட்டோம் என்றார்கள். பிள்ளையின் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அம்மாக்காரி கண்ணாடிக்கு வெளியே நின்று, பழக்க தோஷத்தில், ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள். பிள்ளை வீடு திரும்பவில்லை. அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

கைபேசியில் சில்வண்டு பாடுகிற வீடியோ இருக்கிறது, ஆடுகிற வீடியோ இருக்கிறது. அவள் அம்மா என்று கூப்பிடுவது இந்த ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். சிரிப்பு, மூச்சு, கைப்பிடி, டொக் டொக் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரிய அழுகை தேய்ந்ததும் 'கடக்' வர வேண்டும். வரவில்லை. அங்கே மூச்சு மட்டும் கேட்டது. அழுது ஓய்ந்த பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருக்கிற மூச்சு. மூன்று விநாடி கழித்துத்தான் கதவு திறந்தது.

தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். சன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, தரைவிரிப்பின் பழைய தூசியும் இயந்திரச் சூடும் கலந்த வாசனை. வெளியே பளீரென்று மதியம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது கேள்வி ஞானம்தான்.

படத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். குரல் நீண்டால் படம் பொருந்தாமல் போக வேண்டும், வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் இழுக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மரப்பட்டை மூடியது, விளக்கு அணைந்தது, சிறுமி அழுது முடித்தாள், அதன் பிறகும் படம் ஓடியது. பொந்துக்குள் இருந்த சிறுமி திரும்பினாள். திரைக்குப் பக்கத்தில் வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணோரம் குவித்து, நெற்றியைத் திரையில் ஒட்டிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்தாள். கடைக் கண்ணாடி ஒன்று விடாமல் சில்வண்டு அப்படித்தான் எட்டிப் பார்ப்பாள்.

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். மூன்று விநாடிக்கு முப்பத்தாறு. யார் வரைந்தது?

படப் பிரிவுக்குப் போன் போட்டாள். "அக்கா, அந்த ஷாட்டா? அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே" என்றான் அங்கிருந்த தம்பி. "யாரும் தொடல. பொந்துக்குள்ள அவ அழுது முடிச்சதும் கட் ஆயிடும். அதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா."

போனை வைக்கவும் கணவனின் அழைப்பு வரவும் சரியாக இருந்தது. அவன் அந்தப் பதிவை ஒரே ஒரு முறை கேட்டவன், கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன்.

"இன்னிக்கு அதை அழிச்சிடுவல்ல?"

"ம்."

"நான் வேணா வரட்டுமா?"

"வேணாங்க. நானே பார்த்துக்கறேன்."

மூன்று மணிக்கு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வந்தார். வயது ஐம்பத்திரண்டு, முட்டிவலி, பையில் எப்போதும் சுக்கு மிட்டாய். ஆனால் மைக் முன்னால் நின்றால் ஐந்து வயது. அதனால் ஊரெல்லாம் அவருக்குப் பாப்பா மேடம் என்று பெயர். "என்னம்மா, முகம் இப்படி வெளிறிக் கிடக்கு? சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே பதிவறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினார். அவள் சிவப்பு விளக்கைப் போட்டு, மாதிரிக் குரலை ஓடவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா மேடம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குனிந்து தன் இடுப்புப் பக்கம் பார்த்தார், சட்டை நுனியை யாரோ பிடித்திழுத்தது போல. அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எவ்வளவு நேரம்மா அந்தக் குழந்தைய அழவிட்டீங்க?"

"நாற்பத்தோரு விநாடிதான் மேடம்."

"எனக்கு அது முடியவே மாட்டேங்குது." பாப்பா மேடத்தின் குரலில் இப்போது ஐம்பத்திரண்டு வயதும் இருந்தது. "எத்தனையோ வருஷமா இதுல இருக்கேன், எந்தக் குரலுக்கு மேலயும் என் குரலை வெச்சிருவேன். இதுக்கு மேல வைக்க வரல. அதுக்கு இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கு போல. இரு, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் தனியாக இருந்தாள்.

திரையில் நீளத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

கேட்காமல் அழித்துவிடலாம். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. ஆனால் எந்தத் தாய் கேட்காமல் இருப்பாள்? கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டாள். மூக்குறிஞ்சல். மூச்சு. டொக் டொக். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக் டொக், இம்முறை மெதுவாக, நம்பிக்கை விட்டுப்போன கை தட்டுவது போல. ஒன்று பத்து, ஒன்று பதினொன்று. முடிந்தது.

'கடக்' இல்லை.

திரும்ப ஓடவிட்டாள். ஆச்சு ஆச்சு என்கிற அவள் குரல் இல்லை. ஓடிவரும் காலடி இல்லை. கதவு திறக்கவே இல்லை. அன்றைக்குத் திறந்தாளே, அள்ளிக்கொண்டாளே, அந்தத் தலைமுடியின் வியர்வை வாசனைகூட நினைவிருக்கிறதே! அந்தப் பதிவில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆறுதல் அந்தக் 'கடக்'தான். அதுவும் போய்விட்டது. ஐந்து மாதமாகப் பிள்ளை இருட்டிலேயே நிற்கிறாள்.

டொக் டொக்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஃபைல் ஓடவில்லை.

டொக் டொக். சத்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பிள்ளை கூப்பிட்டு இரண்டாம் தடவையும் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. எழுந்து ஓடிப்போய், பதிவறைக் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் திருப்பினாள். கடக்.

"சில்வண்டு! அம்மா வந்துட்டேன்டா. ஆச்சு ஆச்சு. முடிஞ்சுபோச்சு."

உள்ளே மைக் நின்றது. பாப்பா மேடம் வைத்துவிட்டுப் போன ஹெட்போன் கிடந்தது. வண்ணப் பென்சில் சீவிய மரவாசனை லேசாக அடித்தது. வேறு யாரும் இல்லை. அவள் மூலை மூலையாகத் தேடினாள். மைக் தாங்கிக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால், குனிந்து மேசைக்கு அடியில்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

"அம்மாடி" என்றாள், யாரிடம் என்று தெரியாமல்.

கைப்பிடியைத் தேடிப் பிடித்தாள். அழுத்தினாள். தொங்கினாள். அசையவில்லை. இரண்டு கையிலும் பலம் இல்லை. ஆறு வயதுக் கை போல.

கதவில் இருந்த ஒடுக்கமான கண்ணாடி சிவப்பாகத் தெரிந்தது. வாசல் விளக்கு எரிகிறது. அதற்கு அப்பால் பாப்பா மேடம், கையில் டீயோடு. அவள் முட்டியால் கதவைத் தட்டினாள். பாப்பா மேடம் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடக் கூடாது என்று தனக்குத்தானே உதட்டில் விரலை வைத்துக்கொண்டார். நல்ல பிள்ளையாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

தலைக்கு மேலே சிறு ஸ்பீக்கர் கரகரத்தது.

அவள் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம். அவளுடைய மேசை. அவளுடைய நாற்காலி. நாற்காலியில் தரைக்கு எட்டாத இரண்டு கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிச் சட்டை. கலைந்த தலை. தலையைவிடப் பெரிய ஹெட்போன்.

முகம் நிமிர்ந்தது. கார்ட்டூன் சிறுமிக்கு வரைந்திருந்த வாய். வரைந்திருந்த கண்.

"சில்வண்டு. போதும்டா. கதவத் திற."

அழுகை வந்தது. நான்கு மாதமாக யார் முன்னாலும் அழாத அழுகை. தொண்டை கிழிந்து வந்தது. நடிப்பில்லை. துளி நடிப்பில்லை.

மேசையில் எண்கள் ஏறின. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

"நல்லா வருதும்மா" என்றது ஸ்பீக்கர், அவள் பத்து மாதம் சுமந்த குரலில். "இன்னும் கொஞ்சம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தில், ஒரு சின்ன விரல் உயர்ந்தது. கீழே இறங்கவில்லை.