சாக்கு ஒட்டிய சுவர்

கொத்தனாருக்குக் கமிட்டி தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூறு. மணி காணாமல் போன அன்று காலையில், அந்தப் பாக்கியே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

இருபது வருஷம் பூட்டிக் கிடந்த சின்னப் பிரார்த்தனைக் கூடம் அது. தெருவே சேர்ந்து, ஒரு கமிட்டி போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகலாம். மாலையில், எழுத்துத் தெரியாத பெரியவர்கள் படிக்கலாம். திரும்ப மாட்டுவதற்காக இறக்கி வைத்த வெண்கல மணி பக்கத்து அறையில் இருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். காலை ஏழரைக்குப் பொருளாளர் கதவைத் திறந்தபோது மணி இல்லை. பூட்டில் கீறல் கூட இல்லை. சாவி இரண்டு: ஒன்று பொருளாளரிடம், ஒன்று கொத்தனாரிடம்.

எட்டேகாலுக்கு, ஸ்டேஷனில் ராத்திரிக் காவல் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஏட்டம்மாவை வழியிலேயே மடக்கிக் கூட்டி வந்தார்கள்.

“விசாரிக்க என்ன இருக்கு?” என்றார் கமிட்டித் தலைவர். “பாக்கி கேட்டு நேத்துதான் அந்தக் கொத்தன் கத்தினான். புருஷனும் பொண்டாட்டியுமா தூக்கிட்டாங்க. மணி விலையைப் பாக்கியில கழிச்சிட்டா கணக்கு நேர்.”

“தீர்ப்பையும் நீங்களே சொல்லிட்டீங்க. நான் என்ன, டீ குடிக்கவா வந்தேன்?”

“எனக்கு இடுப்பு வலிங்க,” என்றார் பொருளாளர், யாரும் கேட்காமலே. “ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது.”

“உங்க இடுப்பைப் பத்தி நான் கேட்டேனா?”

கொத்தனாரையும், அவருக்குச் சித்தாளாக இருந்த மனைவியையும் காலையிலிருந்து உள்ளேயே விடவில்லை. வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏட்டம்மா அறைக்குள் போனார். மூலையில் இரும்புக் கம்பிகள், சல்லடை, காலிச் சட்டிகள். இடது சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. வலது சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஈரச் சாக்கு ஒன்று அப்பிக் கிடந்தது.

“இந்த ரூமை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?” என்று தலைவரைக் கேட்டார்.

“எனக்கு ஏதுங்க நேரம்? கமிட்டி வேலையே தலைக்கு மேல.”

“கமிட்டி வேலையே இந்தக் கூடம்தானே?”



ஏட்டம்மா வெளியே வந்தார். வாசல் சுவரில் நேற்றுப் பூசிய சுண்ணாம்பு. அங்கேயும் ஈரச் சாக்குகள். ஆனால் சுவரில் படாமல், கயிற்றில் ஒரு சாண் தள்ளித் தொங்கின.

“இது ஏம்மா தள்ளித் தொங்குது?”

“பச்சைப் பூச்சு. வெடிக்காம இருக்க ஈரக் காத்து படணும், ஆனா சாக்கு ஒட்டினா இழை அச்சு விழுந்துடும்,” என்றாள் கொத்தனாரின் மனைவி. “இறுகின அப்புறம்தான் ஒட்டப் போடுவோம். அந்த மனுஷன் தினமும் வந்து ‘சாக்கை நனை, சாக்கை நனை’ன்னு உயிரை எடுப்பார். ஒரு தடவை கிட்ட வந்து பாத்ததில்ல.”

அந்த மனுஷன், பொருளாளர்.

“உள்ரூம் எப்ப பூசினது?”

“போன மாசமே முடிஞ்சுது,” என்றார் கொத்தனார். “அதுக்கு இனிமே தண்ணி வேண்டாம்.”

“உள்ள வாங்க ரெண்டு பேரும்.”

“அவங்களை எதுக்கு உள்ள விடுறீங்க?” பொருளாளரின் குரல் உயர்ந்தது.

கொத்தனார் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மாடம் எங்க?”

“என்ன மாடம்?” என்றார் தலைவர்.

“வலது சுவத்துல, தரையோட ஒட்டி ஒரு பெரிய மாடம் இருந்துச்சே! நானே பூசினேன்.”

ஏட்டம்மா சாக்கைப் பிடித்து இழுத்தார். பிசின்போல ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் ஈரப் பூச்சு. அதில் சாக்கின் இழைகள் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு கம்பியை எடுத்து, பூச்சைத் துளைத்து, உள்ளே அடுக்கியிருந்த செங்கல் இடுக்கில் குத்தினார். டங் என்றது.



“மணி ரூமை விட்டே போகல,” என்றார் ஏட்டம்மா. “தூக்கத்தான் ரெண்டு ஆள். சாய்ச்சு உருட்டி மாடத்துல தள்ள ஒரு ஆள் போதும், இடுப்பு வலியோடவே. மீந்த செங்கல்லையும் சாந்தையும் வெச்சு மூடி, ஈரம் தெரியாம இருக்கச் சாக்கைப் போட்டாச்சு. கொத்தனார் செஞ்சிருந்தா பச்சைப் பூச்சுல சாக்கை ஒட்டியிருப்பாரா? தூக்கத்துல கூட அவர் கை அதைச் செய்யாது. ‘சாக்கை நனை’ன்னு வாயால மட்டும் சொல்லி, கிட்ட வந்து பாக்காதவர் செஞ்ச வேலை இது. கூலிக்கு ஒதுக்கின பணம் எங்க, பொருளாளரே?”

“மச்சான் கடைக்கு... ஒரு மாசத்துக்குத்தான்...”

“மணி விலையைப் பாக்கியில கழிச்சிட்டா அந்தப் பணத்தை எவனும் தேட மாட்டான். அதானே?”

தலைவர் கொத்தனார் பக்கம் திரும்பினார். “சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு. சுவத்தை உடைச்சு மணியை எடு.”

“பாக்கி வராம உளியைத் தொட மாட்டேன்.”

“ஏட்டம்மா, நீங்க சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்ல? மணி எங்கயும் ஓடாது.” ஏட்டம்மா கொட்டாவி விட்டார். “நீங்கதான் ஓடணும், மச்சான் கடைக்கு.”

மதியத்துக்குள், திட்டிக்கொண்டே மச்சான் பணத்தோடு வந்தான். கொத்தனார் வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அவள் எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு தலையாட்டினாள். பாக்கி தீர்ந்தது.

“இப்பவாவது உடைப்பியா?” என்றார் தலைவர்.

“உடைக்கிறதுக்கும் மறுபடி பூசுறதுக்கும் தனிக் கூலி,” என்றாள் அவள். “இந்தத் தடவை முன்பணம்.”

தலைவர் சொந்தப் பையில் கையை விட்டார்.